பாமும் அரசர்களின் மணிச் சிற்பங்களைப் பார்த்துப் புரிந்துகொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

கேமரூன் நாட்டின் மேற்கில் புல்வெளிகள் நிறைந்த மேட்டுநிலம் ஒன்று இருக்கிறது. அங்கே ஃபும்பான் என்ற ஊரைத் தலைநகராகக் கொண்ட பாமும் அரச மரபு இன்றும் தொடர்கிறது. பாமூன் என்றும் இவர்களை எழுதுவார்கள். மரத்தில் உருவம் செதுக்கி, அதன்மேல் துணி போர்த்தி, அந்தத் துணி முழுவதும் கண்ணாடி மணிகளையும் சோழிகளையும் நெருக்கமாகத் தைத்து மூடிவிடுவது இவர்களுடைய அரச கலை. சிம்மாசனம், முக்காலி, கள் ஊற்றி வைக்கும் சுரைக்குடுவை, ஈ விரட்டும் சாமரத்தின் பிடி என்று அரசரோடு சேர்ந்த பொருள்கள் பலவும் இப்படி மணியால் மூடப்பட்டிருக்கும்.

படத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வண்ணத்தை ரசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. யார் அரசர், அவருடைய அதிகாரம் எங்கிருந்து வந்தது, யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பதையெல்லாம் இந்தப் பொருள்களை வைத்துத்தான் பாமும் அரசவை ஊருக்குக் காட்டியது. அதைப் பார்க்க ஒரு எளிய முறை இருக்கிறது. செய்தவர்கள் எந்த வரிசையில் செய்தார்களோ அதே வரிசையில் நாமும் பார்ப்பது. முதலில் மரம், அதன்மேல் துணி, அப்புறம் மணி, பிறகு அதில் உள்ள உருவங்கள், கடைசியாக அதில் உட்கார்ந்தவர். இந்த வழிகாட்டியும் அப்படித்தான் போகிறது. ஃபும்பானுக்கோ, இவர்களுடைய புகழ்பெற்ற சிம்மாசனம் இருக்கும் பெர்லினுக்கோ நேரில் போக முடியாதவர்கள் அருங்காட்சியகங்களின் இணையப் படங்களை வைத்துக்கொண்டே இதைச் செய்யலாம். கைபேசியை விடக் கணினித் திரை நல்லது, பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய பெயர்கள்

நான்கு அரசர்களைத் தெரிந்துகொண்டால் போதும். திக்கார் நாட்டிலிருந்து வந்து அரசை நிறுவியவர் ன்சாரே யென். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது நடந்ததாக மரபு சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்களால் நாட்டைப் பல மடங்கு பெரிதாக்கி, தலைநகரைச் சுற்றி அகழி வெட்டியவர் ம்புவெம்புவே. 1880களில், பக்கத்து ன்ஸோ அரசோடு நடந்த போரில் உயிரிழந்தவர் ன்சாங்கு. அவருடைய மகன்தான் ன்ஜோயா.

இந்த ன்ஜோயாவைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம். தன் மொழிக்குத் தானே எழுத்து உருவாக்கியவர். சுமார் 500 குறிகளோடு தொடங்கி, பல முறை திருத்தி, 1910 வாக்கில் ஏறத்தாழ 80 குறிகளுக்குக் கொண்டுவந்தார். 1902இல் ஜெர்மானியர்கள் ஃபும்பானுக்குள் வந்தபோது அரியணையில் இருந்தவர் இவர். 1917இல் புதிய அரண்மனை கட்டத் தொடங்கினார். இஸ்லாத்தைத் தழுவி, சுல்தான் என்ற பட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். பின்னால் வந்த பிரெஞ்சு ஆட்சி அவருடைய அதிகாரத்தைப் படிப்படியாகப் பிடுங்கி, 1931இல் யவுண்டே நகருக்கு நாடு கடத்தியது. 1933இல் அங்கேயே இறந்தார். நாம் இன்று பார்க்கும் பாமும் மணிச் சிற்பங்களில் புகழ்பெற்றவை ன்சாங்கு, ன்ஜோயா இருவரின் காலத்தோடு தொடர்புடையவை.

படி 1: மணியை மறந்துவிட்டு மரத்தைப் பாருங்கள்

முதல் பார்வையில் மணி கண்ணைப் பறிக்கும். கொஞ்ச நேரம் அதை ஒதுக்கிவிட்டு, கண்ணைச் சற்றுச் சுருக்கி, வெறும் வடிவத்தை மட்டும் பாருங்கள். பெரிய வட்ட முகம், பிதுங்கிய கண்கள், உப்பிய கன்னம், தடித்த கழுத்து, குறுகிய கால்கள். உடல் அளவுக்கு மீறித் தலை பெரிதாக இருக்கும். நிற்கும் உருவமாக இருந்தாலும் ஒரு திரட்சி தெரியும்.

இந்தத் திரட்சிக்கு அழகியல் காரணம் உண்டு, தொழில் காரணமும் உண்டு. வாய்ச்சியால் மரத்தைச் செதுக்குபவருக்கு, மேலே துணியும் மணியும் வரப்போகின்றன என்பது தெரியும். நுணுக்கமாக இமையும் நகமும் செதுக்கினால் எல்லாம் துணிக்கு அடியில் மறைந்துபோகும். அதனால் அவர் பெரிய மேடுகளையும் ஆழமான பள்ளங்களையும் மட்டும் வைத்து நிறுத்துகிறார். மீதி வேலை மணி தைப்பவருடையது. மணி போர்த்தாத பாமும் மரச்சிற்பம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே உளியின் தடம் மேற்பரப்பிலேயே தெரியும், முகத்தில் நுணுக்கம் கூடியிருக்கும்.

உருவத்தின் கைகளையும் கவனியுங்கள். அரசவை ஊழியர் உருவங்கள் சிலவற்றில் கை வாய்க்கு அருகே இருக்கும். அரசரிடம் பேசும்போது வாய் பொத்திப் பேச வேண்டும் என்பது அங்கே அரண்மனை ஒழுங்கு. ஒரு சிலை அரசருடையதா ஊழியருடையதா என்று தீர்மானிக்க இந்தக் கை பல நேரம் உதவும்.

படி 2: இடையில் இருக்கும் துணி

இது கண்ணுக்குத் தெரியாத அடுக்கு. மணி உதிர்ந்த இடங்களில் மட்டும் எட்டிப் பார்க்கும். மரத்தின் வளைவுகளுக்கு ஏற்ப இழுத்துத் தைக்கப்பட்ட முரட்டுத் துணி அது. மணிகள் மரத்தில் ஒட்டப்பட்டவை அல்ல, துணியில் தைக்கப்பட்டவை. இது மிக முக்கியம். ஒட்டியிருந்தால் மணி ஒவ்வொன்றாக உதிரும். தைத்திருப்பதால் நூல் அறுந்த இடத்தில் ஒரு வரிசையே போகும். படத்தைப் பெரிதாக்கி, காலியான இடங்கள் நீளவாக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 3: மணிகளும் சோழிகளும்

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும்.

பெரும்பாலான பாமும் மணிச் சிற்பங்களில் இரண்டு வகைக் கண்ணாடி மணிகள் இருக்கும். ஒன்று கடுகு அளவிலான பொடி மணி. இன்னொன்று குழல் போல நீண்ட மணி. நம் ஊர் ஆரி வேலைக் கடைகளில் சுகர் பீட்ஸ், பைப் பீட்ஸ் என்று கேட்டு வாங்குகிறோமே, ஏறக்குறைய அதே இரண்டு வடிவம். குழல் மணிகளை இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு என்று மாற்றி மாற்றி வைத்துத் தைத்தால் பரப்பு முழுவதும் வளைந்து நெளிந்து ஓடுவதுபோலத் தோன்றும். பொடி மணிகள் கோடு போடவும், வளைவுகளை மூடவும், ஒரு நிறத்தை இன்னொரு நிறத்திலிருந்து பிரிக்கவும் பயன்படும்.

இந்த மணிகள் எதுவும் ஃபும்பானில் செய்யப்பட்டவை அல்ல. வெனிஸிலும் போஹீமியாவிலும் உருக்கி இழுத்த கண்ணாடி, கப்பலில் ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு வந்தது. டுவாலா, கலபார் போன்ற துறைமுகங்களிலிருந்து இடைத்தரகர்கள் கைமாறிக் கைமாறி மேட்டுநிலத்துக்குள் ஏறியது. பதிலுக்குக் கீழே இறங்கியவை யானைத் தந்தம், கோலாக் கொட்டை, அடிமைகளாகப் பிடிக்கப்பட்ட மனிதர்கள். இதைச் சொல்லாமல் மணியின் அழகை மட்டும் பேசுவது சரியாகாது. பழைய சிம்மாசனங்களின் பளபளப்புக்குள் அந்த வணிகமும் இருக்கிறது. ஒரு அரசரால் இவ்வளவு மணியைச் சேர்க்க முடிந்தது என்றால் போரும் வழிகளும் சந்தையும் அவர் கையில் இருந்தன என்று அர்த்தம். சிம்மாசனத்தைப் பார்த்த பாமும் குடிமகனுக்கு அது விளக்கம் இல்லாமலேயே புரிந்திருக்கும்.

சோழிக்கு இன்னும் நீண்ட பயணம். ஆப்பிரிக்காவில் காசாகப் புழங்கிய சோழியில் பெரும்பகுதி மாலத்தீவுக் கடலில் எடுக்கப்பட்டது. டச்சுக்காரர்கள் இலங்கைத் துறைமுகங்கள் வழியாக அதை வாங்கி, கப்பலின் அடித்தளத்தில் பாரமாக நிரப்பி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் பக்கத்துச் சோழியும் பெருமளவில் வந்து சேர்ந்தது. பல்லாங்குழியில் நாம் உருட்டிய அந்தச் சோழி ஃபும்பான் அரசரின் இருக்கையிலும் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். தைக்கும்போது அதன் முதுகுப்புறத்தை நீக்கியோ துளையிட்டோ தட்டையாக்கி, பல்வரிசை தெரியும் பக்கத்தை வெளியே வைப்பார்கள். காசாக இருந்த பொருள் என்பதால் சோழி பதித்த இடம் நேரடியாகவே செல்வத்தைக் காட்டும்.

நிறங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நீலம் என்றால் இது, சிவப்பு என்றால் அது என்று அட்டவணை போட்டுத் தரும் பக்கங்கள் நிறைய உண்டு. அவற்றை அப்படியே நம்பாதீர்கள். மேட்டுநிலத்தில் பல அரசுகள் இருக்கின்றன, ஒன்றில் சொல்லப்படும் விளக்கத்தை இன்னொன்றின் மேல் ஏற்றக் கூடாது. அதை விட, எந்த நிறம் எந்த உறுப்பைப் பிரித்துக் காட்டுகிறது என்று பாருங்கள். முகம், உடை, ஆயுதம், பாம்பின் உடல் ஆகியவை நிற மாற்றத்தால்தான் தனித்தனியாகத் தெரிகின்றன. செதுக்கியவர் செய்யாமல் விட்ட நுணுக்கத்தை மணி தைத்தவர் நிறத்தால் நிரப்புகிறார்.

படி 4: ஒரு சின்னத் துண்டு நீங்களே தைத்துப் பாருங்கள்

இதைத் தவிர்த்துவிடாதீர்கள். ஒரு மாலை நேரம் போதும், பார்வையே மாறிவிடும்.

உருண்டையான ஒரு மரத்துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தடித்த அட்டைக்குழாய். பத்து சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும். அதைச் சுற்றிக் காடாத் துணியை இறுக்கி இழுத்து, பின்பக்கம் தையல் வருமாறு தைத்துவிடுங்கள். துணி துளிகூடச் சுருங்கக் கூடாது. சுருக்கம் இருந்தால் மணி வரிசை கோணலாகும்.

மணி கோக்கும் மெல்லிய ஊசியில் உறுதியான நூலைக் கோத்து, துணியின் அடியிலிருந்து மேலே எடுங்கள். நான்கைந்து பொடி மணிகளைக் கோத்து, துணிமேல் படுக்க வைத்து, வரிசையின் முடிவில் ஊசியை உள்ளே இறக்குங்கள். ஊசி மரத்துக்குள் போகாது, அதனால் துணியை மட்டும் மேலாகக் கிள்ளி எடுத்தபடியே தைக்க வேண்டியிருக்கும். கையில் உடனே தெரியும் முதல் சிரமம் இதுதான். அடுத்த வரிசையை ஒட்டினாற்போல் போடுங்கள். பிறகு அதன் கீழே குழல் மணிகளைச் சாய்த்து, இரண்டு இப்படி, இரண்டு அப்படி என்று ஒரு பட்டை தையுங்கள்.

நீண்ட மணி வளையாது. உருளையின் வளைவில் அதைக் குறுக்காக வைத்தால் இரண்டு முனையும் தூக்கிக்கொண்டு, அடியில் இடைவெளி விழும். நெட்டுக்கு வைத்தால் படிந்து உட்காரும். கூர்மையான வளைவுகளில் பொடி மணிதான் கைகொடுக்கும். இப்போது சிற்பத்தின் படத்தைத் திரும்பப் பாருங்கள். மூக்கிலும் காதோரத்திலும் எந்த மணி, தோளிலும் மார்பிலும் எந்த மணி, எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண் தானாகத் தேட ஆரம்பிக்கும்.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். பொடி மணி ஒன்று சுமார் 2 மில்லிமீட்டர் என்று வைத்தால், பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பரப்பை மூட 2500 மணி வேண்டும். ஆளுயரச் சிலையில் அப்படி எத்தனை சதுரங்கள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இத்தனை மணிகளையும், தைக்கும் கைகளையும், அவர்களுக்கான சோற்றையும் ஒரு இடத்தில் திரட்ட அரண்மனையால்தான் முடிந்தது.

படி 5: உருவங்களை அடையாளம் காணுங்கள்

பாமும் கலையில் திரும்பத் திரும்ப வரும் உருவங்கள் அதிகம் இல்லை. ஒருமுறை பழகிவிட்டால் துணியிலும், வெண்கலத்திலும், அரண்மனைத் தூண்களிலும் அவையே கண்ணில் படும்.

முதலில் இருதலைப் பாம்பு. உடலின் இரு முனையிலும் தலை இருக்கும். ம்புவெம்புவே ஒரே காலத்தில் இரு முனைகளில் போரிட்டு வென்றதன் அடையாளமாக இதை எடுத்துக்கொண்டார் என்பது பாமும் மரபு. இது அரசருக்கே உரியது. பின்னிப் பிணைந்திருந்தால் இரண்டு பாம்பு என்று தோன்றும், உடலை விரலால் பின்தொடர்ந்து போய் முனைகளைத் தேடுங்கள்.

அடுத்து சிலந்தி. இது வலை பின்னும் வீட்டுச் சிலந்தி கிடையாது, மண்ணில் வளை தோண்டி வாழும் பெரிய சிலந்தி. மேட்டுநிலத்தில் குறி பார்ப்பதற்கு இதைப் பயன்படுத்துவார்கள். வளையின் வாயில் குறியிட்ட இலைத் துண்டுகளை அடுக்கி, மேலே பானையைக் கவிழ்த்துவிடுவார்கள். சிலந்தி வெளியே வரும்போது இலைகள் கலையும். கலைந்த கிடையைப் பார்த்துக் குறி சொல்பவர் பதில் சொல்வார். மண்ணுக்கு அடியில் முன்னோர் இருக்கிறார்கள், அங்கிருந்து வருவது சிலந்தி, ஆகவே அது அறிவுள்ளது என்ற நம்பிக்கை இதன் பின்னால் இருக்கிறது. சிற்பத்தில் நடுவே ஒரு முடிச்சு, சுற்றிலும் வளைந்த கால்கள் என்று சுருக்கமாக வரும். தலைமேல் அணியும் பாமும் முகமூடிகளின் கொண்டையில் சிலந்திகளை வரிசையாகச் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம்.

தவளை பெருக்கத்தின் அடையாளம். மழைக்குப் பின் முட்டையிட்டுப் பெருகும் உயிர் என்பதால் குலம் தழைப்பதோடு சேர்த்து நினைக்கிறார்கள். சிலந்தியும் தவளையும் மிகவும் சுருங்கி, வெறும் கட்டமும் கோணமுமாக மாறிவிடும்போது எது எது என்று உறுதியாகச் சொல்வது கடினம். கால்களின் எண்ணிக்கையைப் பார்ப்பது ஒரு வழி.

சிறுத்தை அரசரின் விலங்கு. அதன் தோல் அரசருடைய உரிமை. இரட்டை மணி என்பது பிடியால் இணைந்த இரண்டு இரும்பு மணிகள் (தைக்கும் மணி அல்ல, ஒலிக்கும் மணி), ஆட்சி அதிகாரத்தின் குறி. இருதலைப் பாம்பு, சிலந்தி, இரட்டை மணி ஆகிய மூன்றும் சேர்ந்தது பாமும் அரசின் சின்னம். ஃபும்பானில் 2024இல் திறக்கப்பட்ட பாமும் அரசர்கள் அருங்காட்சியகத்தின் கட்டடமே இந்தச் சின்னத்தின் வடிவத்தில் கட்டப்பட்டிருக்கிறது.

படி 6: எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சிம்மாசனத்தில் பாருங்கள்

பயிற்சிக்கு மண்டு யெனுவை விட நல்ல பொருள் இல்லை. ன்சாங்குவின் சிம்மாசனமாக இருந்து ன்ஜோயாவிடம் வந்தது. இப்போது பெர்லினில், இனவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஹம்போல்ட் ஃபோரம் கட்டடத்தில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 175 சென்டிமீட்டர். தேடினால் நல்ல தெளிவான படங்கள் கிடைக்கும்.

கீழேயிருந்து பாருங்கள். வட்டமான இருக்கையைத் தாங்கும் பகுதியில் இருதலைப் பாம்புகள் பின்னிக் கிடக்கின்றன. அரசர் உட்காரும்போது போர் வெற்றியின் அடையாளத்தின்மேல் உட்காருகிறார். இருக்கையின் பின்னால், முதுகுச் சாய்வு இருக்க வேண்டிய இடத்தில் ஆணும் பெண்ணுமாக இரண்டு உருவங்கள் நிற்கின்றன. இவர்கள் இரட்டையர்கள். இரட்டைக் குழந்தைகளை பாமும் மக்கள் தனிச் சிறப்புள்ளவர்களாகக் கருதினார்கள், அவர்கள் அரண்மனைப் பணிக்கு வந்தார்கள். முன்னால் தனியாக ஒரு கால்மணை. அதன்மேல் துப்பாக்கி ஏந்திய வீரர்கள். ஐரோப்பியத் துப்பாக்கி அது. மரபான உருவங்களுக்கு நடுவே அந்தக் காலத்தின் புதிய ஆயுதத்தையும் சேர்த்திருக்கிறார்கள். பாமும் கலைஞர்கள் பழையதையே திருப்பிச் செய்துகொண்டிருந்தார்கள் என்று யாராவது சொன்னால் இந்தக் கால்மணையைக் காட்டுங்கள்.

இப்போது அரசர் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். வெறும் சிம்மாசனம் முழுமையான காட்சி இல்லை. அரசர் அமர்ந்ததும் அவருடைய தலைக்கு இருபுறமும் பின்னால் இரட்டையர் முகங்கள், காலடியில் வீரர்கள், அடியில் பாம்பு. நடுவில் உயிருள்ள ஒருவர். அப்போதுதான் சிற்பம் நிறைவடைகிறது. இதற்குப் பழைய புகைப்படங்கள் மிகவும் உதவும். 1911 முதல் 1915 வரை ஃபும்பானில் இருந்த அன்னா வூர்மான் என்ற ஆசிரியை எடுத்த படங்கள் பாசல் மிஷன் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நடத்திய அதே பாசல் மிஷன்தான். பாமும் மனிதர்களை அவர் அருகில் நின்று, மரியாதையோடு எடுத்திருக்கிறார்.

சிம்மாசனம் பெர்லினுக்குப் போன கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். ன்சாங்கு போரில் இறந்தபோது ன்ஸோ மக்கள் அவருடைய தலையை எடுத்துச் சென்றுவிட்டார்கள். 1906இல் ஹான்ஸ் கிளவுனிங் என்ற ஜெர்மன் அதிகாரி ன்ஸோமேல் படையெடுத்தபோது ன்ஜோயாவின் வீரர்களும் போனார்கள், தலை மீண்டு வந்தது. தந்தையின் தலை இல்லாமல் அரசுரிமை முழுமையாகாத ஒரு மகனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். பெர்லின் அருங்காட்சியகத்தின் ஆப்பிரிக்கப் பிரிவுத் தலைவர் ஃபெலிக்ஸ் ஃபான் லூஷான் இந்தச் சிம்மாசனத்தின்மேல் கண் வைத்திருந்தார். ஒரு நகல் செய்து தருவதாக ஏற்பாடு. நகல் உரிய நேரத்தில் முடியவில்லை. 1908இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் பிறந்தநாளை ஒட்டி ன்ஜோயா, அப்போது ஜெர்மன் ஆட்சியின் தலைமையிடமாக இருந்த புவேயாவுக்குப் போய், தந்தையின் சிம்மாசனத்தையே கொடுத்தார். ஃபும்பானில் தங்கியது புதிதாகச் செய்ததுதான்.

பதிவேட்டில் இது அன்பளிப்பு. அதிகாரியும் அருங்காட்சியகமும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த நிலையில், காலனி ஆட்சியின் கீழ் இருந்த ஒரு அரசர் கொடுத்ததை நான் வெறும் அன்பளிப்பு என்று எழுத மாட்டேன். அதே நேரம் ன்ஜோயாவை ஏமாந்தவராகக் காட்டவும் கூடாது. ஜெர்மானியரின் நட்பு தன் நாட்டைக் காக்கும் என்று கணக்குப் போட்டு நடந்தவர் அவர்.

படி 7: யாருக்கு உரிமை என்று கேளுங்கள்

எந்த மணிப்பொருளைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: இதை யார் வைத்திருக்கலாம்? மணியும் தந்தமும் வெண்கலமும் அரசரின் கட்டுப்பாட்டில் இருந்தன. நல்ல கைவினைஞர்கள் அரண்மனையோடு இணைந்து வேலை செய்தார்கள். ஒரு பிரபுவுக்கு மணி வேலைப்பாடுள்ள பொருள் கிடைத்தது என்றால் அரசர் மனமிரங்கிக் கொடுத்தார் என்று பொருள். பெரிய விழாக்களில் யார் எதை அணிந்து வருகிறார் என்பதைப் பார்த்தே அரசவையில் அவருடைய இடம் தெரிந்துவிடும்.

அரசருக்கும் எல்லை உண்டு என்பதைக் காட்டுவது ன்குவோன் திருவிழா. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. அதில் அரசர் எழுந்து நிற்க, மக்கள் சார்பில் பேசுபவர்கள் அவருடைய ஆட்சியின் குறைகளை எல்லோர் முன்னிலையிலும் எடுத்துச் சொல்வார்கள். அடையாளமாக அவர் பதவியிலிருந்து இறக்கப்படுவார். பதில் சொன்ன பிறகு மீண்டும் அமர்த்தப்படுவார். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் தடைபட்ட இந்த விழா 1990களில் மீண்டும் உயிர்பெற்றது. 2023இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 2021இல் தந்தை இப்ராஹிம் ம்போம்போ ன்ஜோயா மறைந்தபின் அரியணை ஏறிய நபில் ம்போம்போ ன்ஜோயா இப்போதைய அரசர். விழாவின் காணொளிகள் இணையத்தில் கிடைக்கின்றன. சிம்மாசனத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துப் பழகியவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

படி 8: அண்டை அரசுகளின் பொருள்களிலிருந்து பிரித்தறியுங்கள்

மணி வேலை பாமும் மக்களுக்கு மட்டும் உரியதன்று. நூன் ஆற்றுக்கு மேற்கே இருக்கும் பாமிலேக்கே அரசுகளில் யானை முகமூடி புகழ்பெற்றது. முன்னும் பின்னும் நீளமாகத் தொங்கும் துணிப்பட்டை, பெரிய வட்டக் காதுகள், எல்லாவற்றிலும் மணி. அது மரத்தின்மேல் இழுத்துத் தைத்ததில்லை, துணியாகவே அணிவது. விற்பனைப் பக்கங்களில் இதையும் பாமும் என்று போட்டுவிடுகிறார்கள்.

கோம் அரசின் அஃபோ-அ-கோம் சிலை இன்னொரு நல்ல ஒப்பீடு. செம்பழுப்பு மணிகளால் மூடிய உடல், உலோகத் தகடு பொதிந்த முகம். 1966இல் திருடுபோய், 1973இல் நியூயார்க் கலை வணிகர் ஒருவரிடம் இருப்பது வெளியே தெரிந்து, அதே ஆண்டு கேமரூனுக்குத் திரும்பியது. இதை மண்டு யெனுவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால், பாமும் கைகளின் நிறச் செழிப்பும் உருவங்களை அடுக்கும் துணிச்சலும் பளிச்சென்று தெரியும்.

படி 9: நேரில் போனால், வாங்கினால்

ஃபும்பானுக்கு பாஃபுஸாம் நகரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் சாலைவழி. பிரெஞ்சு பேசும் பகுதி. ன்ஜோயா கட்டிய அரண்மனை, புதிய அருங்காட்சியகம், கைவினைஞர் தெரு மூன்றையும் அவசரமில்லாமல் பார்க்க இரண்டு நாளாவது வையுங்கள். ன்ஜோயா காலத்திலேயே மோசே யேயாப் என்பவர் பாமும் கலைப்பொருள்களைச் சேகரித்து, கைவினைஞர்களுக்கு ஆதரவாக நின்றார். அவர் தொடங்கிய கலை, மரபு அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

கைவினைஞர் தெருவில் இன்றும் செதுக்குகிறார்கள், வெண்கலம் வார்க்கிறார்கள், மணி தைக்கிறார்கள். என் யோசனை, புதியதைப் புதியது என்றே கேட்டு வாங்குங்கள். யார் செதுக்கினார், யார் தைத்தார் என்று விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான விலை அந்தக் கைகளுக்கே போகும். பழையது என்று சொல்லி எவர் எதைக் காட்டினாலும் நிதானம் தேவை. புதுப் பொருளைப் பழசாக்கிக் காட்டும் வேலை எங்கும் நடக்கிறது.

சோதிக்கச் சில வழிகள் உண்டு. பிளாஸ்டிக் மணி கையில் லேசாக இருக்கும், தொட்டால் கண்ணாடியின் குளிர்ச்சி இருக்காது. பழைய கண்ணாடி மணிகள் ஒரே அளவில் இருக்காது, நீளமும் தடிமனும் சற்று மாறும். நூல் நைலான் போல மினுங்கினால் தையல் அண்மையது. ஆனால் அதை வைத்து மட்டும் போலி என்று முடிவு செய்யாதீர்கள், பயன்பாட்டில் இருந்த பொருளில் மணி உதிர்ந்து மறுபடி தைப்பது இயல்பு. தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதுதான் சிறந்த சாட்சி. கை படும் பிடியிலும் உடல் படும் இருக்கை விளிம்பிலும் தேய்ந்து, மூலைமுடுக்கில் அழுக்கு தங்கியிருந்தால் நம்பலாம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுக்கு என்றால் யாரோ பூசியிருக்கிறார்கள்.

உண்மையிலேயே பழையது என்று தெரிந்தால் வாங்குவதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று ஆவணத்தோடு கேளுங்கள். பண்பாட்டுச் சொத்துகளின் கள்ளக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970இல் வந்தது. அதற்கு முன்பே நாட்டை விட்டு முறையாக வெளியேறியதற்கான சான்று இல்லாத அரண்மனைப் பொருளைத் தொடாமல் இருப்பதே நல்லது.

வாங்கிய புதிய மணிப்பொருளை வீட்டில் வைக்கும்போது தண்ணீர் பட விடாதீர்கள். ஈரம் துணிக்குள் இறங்கினால் நூல் இற்றுப்போகும். நேர் வெயிலில் வைத்தாலும் நூல் நலிந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். தூக்கும்போது உருவத்தின் கையையோ தலையையோ பிடிக்காமல் அடியில் இரு கையும் கொடுத்துத் தூக்குங்கள். ஒரு மணி உதிர்ந்துவிட்டால் அதைப் பத்திரப்படுத்தி, நூல் இன்னும் அவிழும் முன் அதே வரிசையில் தைத்துவிடுங்கள்.